கொக்குச் சின்னத்துக் கடைசிப் பிரபு

ஒனுஃப்ரி வார்கோச்சுக்குப் பிள்ளை இல்லாமல் போனது அவருக்கு வருத்தம். சுலிகோவோ ஊருக்கோ அது பெரிய பாக்கியம்.

பாக்கியம் என்பது ஊருக்கே தாமதமாகத்தான் தெரியவந்தது. அதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுலிகோவோவில் பிரபு அல்லாதவர் யாருமே கிடையாது. கூரை வைக்கோல்தான், தரை மண்தான், பன்றியும் பிரபுவும் ஒரே வாசல் வழியாகத்தான் போய்வந்தார்கள். ஆனால் அந்த வாசலுக்கு மேலே மரத்தில் செதுக்கிய குலச்சின்னம் இருக்கும். வெறுங்காலோடு ஏர் பிடிக்கும்போதும் இடுப்பில் வாள் தொங்கும். சேறு அதிகமாக இருந்தால் வாளைக் கழற்றி ஒரு மரத்தில் மாட்டிவிட்டு உழுவார்கள். பக்கத்து ஊர்க் குடியானவன் எவனாவது அந்தப் பக்கம் வந்தால் ஏரை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். சிலருடைய உறைக்குள்ளே இரும்பு எப்போதோ விலைபோய், இப்போது மரச்சட்டம்தான் இருந்தது. யாரும் யாருடைய வாளையும் உருவிக் காட்டச் சொல்வதில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்த ஊர்.

ஊர் முழுக்க ஒரே குடும்பப் பெயர், சுலிகோவ்ஸ்கி. ஒரே சின்னம், சிவப்பு நிலத்தில் மூன்று அம்பு. ஒனுஃப்ரி ஒருவர்தான் வேறு. பூட்டன் காலத்தில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட வார்கோச் குடும்பம். அவர்கள் சின்னம் நீல நிலத்தில் ஒரு லாடம், லாடத்தின் மேல் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. ஒரு கொக்கின் பின்னாலேயே போய், சதுப்பில் மாட்டிக்கொண்ட ராஜாவைக் கரைசேர்த்த முப்பாட்டனுக்குக் கிடைத்ததாம். எந்த ராஜா, எந்தச் சதுப்பு என்று வார்கோச்சுகளும் சொன்னதில்லை, சுலிகோவ்ஸ்கிகளும் கேட்டதில்லை. கேட்டால் மூன்று அம்பைப் பற்றி அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

மனைவி பெட்ரோனெலா இருந்தவரை இந்த வித்தியாசம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில் திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தது. அவள் போன பிறகு வீட்டில் சத்தம் என்றால் அடுப்பில் விறகு வெடிப்பதும் கோழி கேறுவதும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுலிகோவ்ஸ்கிகள் சித்தப்பா வீடு, மாமன் வீடு, மச்சான் வீடு என்று கும்பல் கும்பலாகச் சாப்பிடக் கிளம்புவார்கள். ஒனுஃப்ரி கோயில் வாசலில் நின்று, தூசியே இல்லாத தொப்பியைத் தட்டிக்கொண்டிருப்பார். யாராவது "வாங்களேன்" என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருக்கும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரவர் சொந்தத்தைக் கூப்பிடவே அவரவர் மேஜையில் இடம் போதாது. இவரோ யாருக்கும் எந்த முறையும் ஆகமாட்டார்.

தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். கோதுமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, பேச்சே மறந்துவிடக் கூடாதே என்று கோழிகளிடம் நாட்டு நடப்பைப் பேசுவார். ஒரே ஒரு பிரபு எழுந்து 'ஒப்பமாட்டேன்' என்றால் மொத்தச் சபையும் கலைந்துபோகும் அந்த நாட்டில், அவருடைய கோழிகள் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒருமனதாக இருந்தன.

இந்த நிலையில்தான் அந்த ஊர்ச் சாமியார் ஒரு தவக்காலத்தில் லூப்லின் பட்டணம் போய்விட்டு வந்தார். பூசை முடிந்து வாசலில் எல்லாரையும் நிறுத்திவைத்துக் கதை சொன்னார். அங்கே ஒரு பெரிய பிரபுவின் அடக்கமாம். ஆண்வாரிசு இல்லாதவர், அந்த வம்சத்தில் கடைசி ஆள். பூசை நடுவிலே கோயில் கதவு படாரென்று திறந்து, கவசம் போட்ட ஒருவன் குதிரைமேல் உள்ளேயே வந்துவிட்டானாம். சவப்பெட்டிக்கு முன்னால் குதிரையை நிறுத்தி, அந்த வம்சத்துக் கேடயத்தை ஓங்கி அடித்து உடைத்து, 'இன்று இந்தப் பெயர், இனி என்றும் இந்தப் பெயர் இல்லை' என்று முழங்கினானாம். உடைந்த துண்டுகளையும் குழிக்குள் போட்டார்களாம்.

"கல்லுநெஞ்சுக்காரனும் அழுதுட்டான்" என்றார் சாமியார். "நானே அழுதேன். அவரை எனக்கு யாருன்னே தெரியாது."

சுலிகோவ்ஸ்கிகள் பெருமூச்சு விட்டார்கள்.

"நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே சாமி" என்றார் காயெதன் சுலிகோவ்ஸ்கி. ஊரில் சவாரிக்கு ஆகிற குதிரை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். "நம்ம வம்சம் அத்துப்போகணும்னா உலகமே அழியணும். எங்க வீட்டுலயே தொட்டில் காலியா இருந்து நான் பார்த்ததில்லை."

"பக்கத்து ஊர்க்காரன் நம்மள முயல்னுதான் சொல்றான்" என்றார் கௌதென்டி சுலிகோவ்ஸ்கி. அவரிடம் தாத்தா காலத்துக் கவசம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதில் வாத்து முட்டையிட்டுக்கொண்டிருந்தது. "நம்ம காலத்துல ஒரு கேடயம் உடையுறதைப் பார்க்கப் போறதில்லை."

அப்போதுதான் காயெதனின் கண் ஓரமாக நின்று தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்த ஒனுஃப்ரியின் மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லார் கண்ணும் அங்கேயே வந்து நின்றது.

"பிரபு அண்ணே" என்றார் காயெதன், வெண்ணெய் போன்ற குரலில். "தனியா என்ன சாப்பிடப் போறீங்க? நம்ம வீட்டுக்கு வாங்களேன்."

அன்றிலிருந்து ஒனுஃப்ரிக்குத் தனியாகச் சாப்பிட நேரமில்லை. இன்று ஒருவர் வீட்டில் விருந்து என்றால் நாளை இன்னொருவர் தேனூறல் மதுவோடு இவர் வீட்டுக்கே வந்துவிடுவார். புகைபோட்ட பன்றிக்கறி வந்தது. புளித்த முட்டைக்கோஸ் வந்தது. பெண்கள் வந்து ஜன்னலில் துணி மாட்டிவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் எல்லாம் நலம் விசாரிப்பார்கள்.

"அண்ணே, அந்த இருமல் எப்படி இருக்கு?"

"போயிடுச்சு தம்பி. இப்ப நல்லாயிருக்கு."

"அப்படியா" என்பார் வந்தவர். முகம் சற்று வாடும். "எதுக்கும் பார்த்துக்குங்க. சில இருமல் போன மாதிரி போய்த் திரும்பி வரும்."

ஒனுஃப்ரி முட்டாள் இல்லை. அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது முதல் விருந்தின் சூப்பிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் வந்தார்கள். எதிரே உட்கார்ந்தார்கள். இவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். பல வருஷம் கோழிகளோடு பேசியவருக்கு, எந்தக் காரணத்துக்காக வந்தாலும் மனுஷ முகம் மனுஷ முகம்தான்.

உடைப்பது யார் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. குதிரை காயெதனுடையது, ஆகவே தான்தான் என்றார் அவர். கவசம் கௌதென்டியுடையது, கவசமில்லாத வீரன் ஊர்ப்பயணம் போகிறவன் மாதிரி இருப்பான் என்றார் இவர்.

"உன் கவசம் உனக்கே பத்தாது" என்றார் காயெதன். "உங்க தாத்தா ஒல்லி. நீ கடைசியா ஒல்லியா இருந்தது ஞானஸ்நானத்தப்போ."

"உன் குதிரை மட்டும் என்ன? வண்டுக்கே மிரளுது. மெழுகுவத்தியைப் பார்த்தா சாமியாரைத் தூக்கிட்டுப் போய்ப் பீடத்துல வைக்கும்."

ஒனுஃப்ரியின் வீட்டு மேஜையிலேயே இந்தச் சண்டை நடந்தது. அவர் இருவருக்கும் மாறி மாறித் தேனூறல் ஊற்றினார். சண்டை முடிந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் கவலையாகவும் இருந்தார். கடைசியில் காயெதன் உடைப்பது, கௌதென்டி கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது, வாத்து வேறு இடம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

சின்னம் எழுதச் சந்தையூரிலிருந்து ஓவியன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். சாராயக்கடைப் பலகை எழுதுகிறவன். முதலில் சவப்பெட்டியின் தலைமாட்டில் பொருத்துவதற்காக ஒனுஃப்ரியின் முகத்தைத் தகரத்தில் எழுதினான். படம் நல்ல சிவப்பாக, எதையோ குடிக்கச் சொல்லி அழைக்கிற முகமாக வந்தது. பிறகு கேடயத்தில் கொக்கை எழுதினான். அவன் வாழ்நாளில் கொக்கு எழுதியதில்லை. சேவல் நிறைய எழுதியிருக்கிறான். கை பழகின வழியிலேயே போயிற்று.

இலையுதிர்காலம் தொடங்கி நல்ல வெயிலடித்த ஒருநாள், அந்தக் கேடயத்தை வேலியில் சாத்தி வர்ணம் காயவைத்திருந்தார் ஒனுஃப்ரி. தார்ப்பீப்பாய் ஏற்றிய வண்டி ஒன்று வேலியோரம் வந்து நின்றது. வண்டிக்காரன் இறங்கிக் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். கை முழங்கைவரை கறுப்பு.

"இது கோழியா, கொக்கா?" என்று கேட்டான்.

"கொக்கு" என்றார் ஒனுஃப்ரி விறைப்பாக.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. லாடத்து மேல. ஆனா அது கொக்கு மாதிரியே இருக்கும்."

ஒனுஃப்ரியின் கை வேலியைப் பிடித்துக்கொண்டது. "எங்க வீடுன்னா எந்த வீடு?"

"ஷுமாவா நகரம். என் பேரு ரோக். ரோக் வார்கோச். எங்க தாத்தா பேரு அம்ப்ரோழி."

அம்ப்ரோழி என்பது ஒனுஃப்ரியின் சித்தப்பா. படையில் சேர்ந்து போனவர் திரும்பவேயில்லை. செத்துப்போனார் என்று அப்பா காலத்திலேயே முடிவாகிவிட்டது.

"அவருக்கு வருஷா வருஷம் பூசை வச்சோமே" என்றார் ஒனுஃப்ரி.

"நல்ல காரியம் பண்ணுனீங்க. பாதிப் பூசை அவரு உயிரோட இருக்கையிலேயே நடந்திருக்கு. அதான் அந்த மனுஷனுக்குச் சாகுறவரைக்கும் பல்லு விழலை." ரோக் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். "அப்ப நீங்க எனக்குப் பெரியப்பா முறை ஆகணும்."

முறை. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒனுஃப்ரி வேலிக்கதவைத் திறந்தார். திறக்கத் தெரியாதவர் மாதிரி இரண்டு தரம் தவறவிட்டுத் திறந்தார்.

உள்ளே சூப்பும் கறுப்பு ரொட்டியும் வைத்தார். ரோக் வாய்நிறையப் பேசினான். அப்பா போன வருஷம் செத்துப்போனார். தனக்கு இரண்டு ஆண்பிள்ளை, மூன்றாவது வயிற்றில். தார் வியாபாரம் பரவாயில்லை. ஆனால் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கிறது.

"நகரத்துல கடை தர்றேங்கிறாங்க பெரியப்பா. ஆனா பிரபு கடை வச்சு அளந்து விக்கக் கூடாதாம். பிரபுவாவே பட்டினி கிடக்கலாமாம், அதுக்குத் தடையில்லை. கடை வேணும்னா நகரத்துக் குடிமகனா சத்தியம் பண்ணி, பிரபுங்கறதை விட்டுடணும். எங்கப்பா சாகும்போது கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'விடுறதுக்கு முன்ன ஒருதரம் சுலிகோவோவுக்குப் போய்ப் பாருடா. நம்மாளு ஒருத்தன் இருந்தாலும் விடாத. ஒருத்தருமில்லைன்னா அப்புறம் உன் இஷ்டம். தனியா வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற'ன்னாரு." ரோக் ரொட்டியைப் பிய்த்தான். "வர்ற வழியெல்லாம் யாரும் இருக்க மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். இருக்கீங்க."

பேசிக்கொண்டே அவன் ரொட்டியிலிருந்த சீமைச் சீரகத்தை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். ஒனுஃப்ரி தன் தட்டைப் பார்த்தார். அதன் ஓரத்திலும் அதே வரிசை. 'எறும்புக்குப் படையலா' என்று பெட்ரோனெலா ஆயுள் முழுக்கத் திட்டிய பழக்கம். ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. ரோக்கும் இரண்டு தட்டுகளையும் பார்த்துவிட்டான். இன்னொரு சீரகத்தை எடுத்து அவருடைய வரிசையில் சேர்த்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. காயெதன் கவசத்தோடு குதிரைமேல் வந்திருந்தார். பின்னால் கொடியோடு கௌதென்டி. அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர்.

"பிரபு அண்ணே, வெளியில வந்து பாருங்க" என்று காயெதன் கூப்பிட்டார். "முகமூடியை மூடுனா எனக்கு ஒண்ணும் தெரியலை, திறந்தா பயங்கரம் பத்தலை. எப்படி வச்சுக்க?" இறங்கி உள்ளே தலையை நீட்டியவர் மேஜையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். கறுப்புக் கையைப் பார்த்தார். "இது யாரு?"

ஒனுஃப்ரி வாய் திறந்தார். அந்த ஒரு மூச்சுக்குள் அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். 'என் தம்பி மகன்' என்று சொன்னால் போதும், வார்கோச் வம்சம் ஷுமாவாவில் செழிப்பாகத் தார் அளந்துகொண்டிருக்கிறது என்று ஆகிவிடும். பிறகு கேடயம் எதற்கு, குதிரை எதற்கு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தொப்பியைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இவனோ சாப்பிட்டு முடித்ததும் வண்டியேறித் தன் ஊருக்குப் போய்விடுவான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வராமலும் இருக்கலாம். இதோ வாசலில் பாதி ஊர் நிற்கிறது.

"தார் விக்கிறவன்" என்றார். "வண்டி அச்சுக்குத் தார் வாங்கினேன்."

"மேஜையில உக்காத்தி வச்சிருக்கீங்க?"

"தூரத்துல இருந்து வந்தான். பாவம்."

"உங்க மனசு யாருக்கு வரும்" என்றார் காயெதன். "இதையும் சாமியாரைப் பிரசங்கத்துல சொல்லச் சொல்லணும்."

ரோக் கரண்டியைக் கீழே வைத்தான். கோபமாகத் தெரியவில்லை. ஒரு கணக்கு நேராகிவிட்டவன் மாதிரி தெரிந்தான். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, கவசத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு வெளியே போனான். வண்டி போகிற சத்தம் கேட்டது. நன்றாகத் தார் போட்ட அச்சு. சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது.

"திறந்தே வச்சுக்க தம்பி" என்றார் ஒனுஃப்ரி காயெதனிடம். "முகம் தெரிஞ்சாத்தான் நல்லாயிருக்கும்."

குளிர்காலம் வந்தது. ஒனுஃப்ரிக்கு இருமலும் வந்தது. ஊரே உற்சாகமாக அவரைச் சூழ்ந்துகொண்டது. இரவும் பகலும் மாறி மாறி உட்கார்ந்து சூடான பாலும் தேனும் கொடுத்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, இருமல் போய்விட்டது. கிறிஸ்துமஸ் வந்தபோது ஒனுஃப்ரி முன்னைவிடச் சதைபோட்டு, கன்னம் அந்தத் தகரப் படத்தைப் போலவே சிவந்து, பார்க்க நன்றாக இருந்தார்.

ஊருக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்தது. தேனூறல் குறைந்தது. பன்றிக்கறி நின்றது.

"உங்களை யாரும் அவசரப்படுத்தலை அண்ணே" என்றார் கௌதென்டி ஒருநாள். "ஆனா குதிரைக்கும் வயசாகுது பாருங்க."

மறந்துபோகாமல் இருக்க ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னது காயெதன்தான். சாமியாரும் சரியென்றார். பனி மூடிய ஒரு பகல்வேளையில் ஊரே கோயிலில் கூடிற்று. சவப்பெட்டிக்குப் பதிலாக மாவுத் தொட்டியைக் கவிழ்த்து, கறுப்புத் துணி போர்த்தி, ஒனுஃப்ரியின் தகர முகத்தை அதில் சாத்தினார்கள். ஒனுஃப்ரி தூணோரம் இருந்த வார்கோச் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். கதவு திறந்தது. காயெதன் வந்தார். குதிரை பாதி வழியில் நின்று செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பிறகு வந்தது. நிஜக் கேடயத்தை வீணாக்க வேண்டாம் என்று பழைய பீப்பாய் மூடி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். காயெதன் அதை ஓங்கி அடித்தார். "இன்று வார்கோச். இனி என்றும் வார்கோச் இல்லை" என்றார். குரல் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. பெண்கள் விம்மினார்கள். கௌதென்டி கொடியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அருமை" என்றார் சாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப வாசல்ல நின்னு துக்கம் விசாரிக்கிறவங்களுக்குக் கை குடுக்கணும். வீட்டாளு யாரு?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருமில்லைங்கறதுதானே சாமி விஷயமே" என்றார் காயெதன்.

"அப்ப இந்த இடம் வெறிச்சுனு இருக்குமே."

"ஒத்திகைதானே, இன்னிக்கு அண்ணனே நிக்கட்டும்" என்றார் கௌதென்டி.

ஒனுஃப்ரி எழுந்து போய் வாசலில் நின்றார். ஊர் வரிசையாக வந்தது. ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்து, தலையைக் குனிந்து, "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றும், "நல்ல மனுஷன், பாவம், தனியாவே போயிட்டாரு" என்றும், "நீங்க மனசைத் தேத்திக்கணும்" என்றும் அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றாகச் சொன்னார்கள். அழுத கண்ணோடுதான் சொன்னார்கள். அப்படியே காயெதன் வீட்டுக்கு நடந்தார்கள். அங்கே குதிரை பயப்படாமல் உள்ளே வந்ததற்காகச் சாராயம் காத்திருந்தது. சிரிப்புச் சத்தம் பனியில் தூரமாகிக்கொண்டே போயிற்று. ஒனுஃப்ரி நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடக்கம் முடிந்த பிறகு செத்தவரை யார் கூப்பிடுவார்கள்?

மறுநாள் விடிந்ததும் கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உழவுக் குதிரையைப் பனிவண்டியில் பூட்டிக்கொண்டு ஷுமாவாவுக்குக் கிளம்பினார். நல்ல கோட்டு, நல்ல தொப்பி, வாள். வழிநெடுக என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஊரிலிருந்து இரண்டு சாட்சி கொண்டுவருவேன். 'இவன் என் சித்தப்பா பேரன், வார்கோச் ரத்தம்' என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்வேன். வீட்டையும் நிலத்தையும் உன் பெயருக்கு எழுதுகிறேன். வா. வந்து இரு. வராவிட்டாலும் வந்துவிட்டுப் போ.

நகரத்தில் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மூக்கே காட்டிக்கொடுத்தது. உள்ளே ரோக் ஒரு வண்டிக்காரனுக்குத் தார் அளந்துகொண்டிருந்தான். வாளைப் பார்த்ததும் அளவையை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். பிறகுதான் முகத்தைப் பார்த்தான். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"வாங்க எசமான்" என்றான்.

"ரோக்" என்றார் ஒனுஃப்ரி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "நான் சாட்சி கொண்டு வர்றேன். எல்லாத்தையும் சரிபண்ணிடலாம்."

"எதை எசமான்?"

"உன்னை. நம்ம பேரை."

ரோக் அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தான். "உங்களைப் பார்த்துட்டு வந்த கையோட சத்தியம் பண்ணியாச்சு. பிரபுப் பட்டத்தை விட்டுட்டேன்னு நகரச் சபையில எழுதிக் குடுத்தாச்சு. பேரைக் கேட்டாங்க. நீங்க சொன்ன பேரையே குடுத்தேன். ரோக் தார்க்காரன். பசங்களுக்கும் அதான்." குரலில் குத்தல் இல்லை, சரக்கு விவரம் சொல்வதைப் போலத்தான் சொன்னான். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை எசமான். நெசமாத்தான் சொல்றேன். எங்கப்பா சொன்ன சொல்லு நெஞ்சுல முள்ளு மாதிரி இருந்துச்சு. நீங்க அன்னிக்குச் சொன்னதுல அது போயிடுச்சு. வியாபாரமும் நல்லா நடக்குது."

"திருப்பி வாங்க முடியாதா?"

"ராஜாவே நினைச்சாலும் நாட்டுச் சபை மூணு தரம் கூடணுமாம். இப்ப நீங்கதான் கடைசி வார்கோச், எசமான். யாரும் மறுக்க முடியாது. வேணும்னா நானே வந்து சாட்சி சொல்றேன்."

ஒனுஃப்ரி எழுந்திருக்கப் பார்த்தார். ரோக் விடவில்லை. "பனியில இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. சாப்பிடாம எப்படி? அகாதா" என்று உள்ளே மனைவியைக் கூப்பிட்டான். "ஒரு பிரபு வந்திருக்காரு."

அகாதா கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். முன்னறையைப் பெருக்கினாள். ஜன்னலோரம் சின்ன மேஜை ஒன்றைப் போட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைத் துணியை விரித்து, ஒரே ஒரு தட்டு வைத்தாள். வீட்டில் இருந்த ஒரே வெள்ளிக் கரண்டியையும் வைத்தாள். பீட்ரூட் சூப்பு ஆவி பறக்க வந்தது. அவர்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த கறித்துண்டு முழுவதும் அவர் தட்டிலேயே இருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் சமையலறை. பெஞ்சு இழுக்கிற சத்தம், பையன்கள் முதல் கரண்டிக்கே சண்டைபோடுகிற சத்தம், ரோக் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிக்கிற சத்தம்.

"ஏம்மா" என்றார் ஒனுஃப்ரி. "எல்லாரும் இங்கேயே உக்காரலாமே. இல்லைன்னா நான் அங்க வர்றேன். இடமிருக்கும்."

"ஐயோ, வேண்டாங்க எசமான்" என்றாள் அகாதா. மரியாதையாக இரண்டடி தள்ளியே நின்றாள். "நாங்க எப்படி உங்களோட உக்கார்றது? பசங்க வேற முறை தெரியாம ஏதாவது பேசிடுவாங்க. நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க."

அவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று, போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.